ஸ்டாண்டர்டு ஹெரால்டு: எந்தப் பழைய நிலைக்கு மீட்பது?

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது 1961 முதல் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் – பெருங்களத்தூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் தயாரித்த சிறிய மகிழுந்து. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரே இங்கு இந்தப் பெயரில் வெளிவந்தது. அம்பாசடர் வங்காளத்து உத்தர்பாராவில் உருவானது. ஃபியட் பம்பாயின் குர்லாவில் உருவானது. அக்காலத்தில் இந்தியாவில் கிடைத்த மூன்று கார்களில் தமிழ் மண்ணில் உருவானது ஹெரால்டு ஒன்றுதான். ஆனால் நம் நினைவில் முதலிரண்டுக்கும் இருக்கும் இடம் இதற்கு இல்லை.

ஹெரால்டின் முழு வரலாற்றை எழுதுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. கொட்டகையில் கிடக்கும் ஒரு ஹெரால்டை மறுபடி ஓட வைக்க முயல்வோர் எல்லோரும் ஓரிடத்தில் வந்து நிற்பார்கள். ‘பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்’ என்று தொடங்குவார்கள். எந்தப் பழைய நிலை என்று கேட்டால் விடை எளிதாகக் கிடைக்காது. ஏனெனில் இந்தக் கார் பிறந்த நாள் முதல் மாற்றப்பட்டுக்கொண்டே வந்த கார். அந்த மாற்றங்களின் கதையைத்தான் கீழே சொல்ல முயல்கிறேன்.

கோவென்ட்ரியில் பிறந்த வடிவம்

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்டு – டிரையம்ப் நிறுவனம் 1959 ஏப்ரலில் ஹெரால்டை அறிமுகம் செய்தது. அப்போதே பல நிறுவனங்கள் அடிச்சட்டமும் கூடும் ஒன்றாகப் பற்றவைத்த கார்களுக்கு மாறிவிட்டன. ஹெரால்டு மட்டும் தனி சேசிஸ், அதன்மேல் போல்ட்டால் முடுக்கிய கூடு என்ற பழைய முறைக்கே திரும்பியது. காரணம் வணிகப் போட்டி. கார்க் கூடு செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற ஆலையை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக்கூட்டையும் ஒரே இடத்தில் செய்து தர ஆளில்லாத நிலையில், கூட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல இடங்களில் செய்து கடைசியில் போல்ட் போட்டு இணைக்கும் வழியைத் தேர்ந்தார்கள். வடிவத்தை வரைந்தவர் இத்தாலியின் தூரின் நகரத்து ஜொவான்னி மிக்கலோட்டி.

இல்லாமையால் வந்த இந்த ஏற்பாடே காரின் தனிச்சிறப்பாகவும் ஆனது. பானெட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டு. அதை அப்படியே முன்பக்கம் கவிழ்த்தால் எஞ்சின், ஸ்டீயரிங், முன்சக்கரத் தொங்கமைப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சக்கரத்தின்மேலேயே உட்கார்ந்துகொண்டு மெக்கானிக் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுதாகத் திரும்பிவிடும். கூட்டைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் ஏற்றிப் போகுமிடத்தில் பூட்டிக்கொள்ளலாம் என்பதால் வெளிநாடுகளில் கோத்து விற்கவும் ஏற்ற கார். சென்னைக்கு வந்ததும் அப்படித்தான்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனித் தார்களால் நெய்து கோப்பதுபோல் என்றால் போதும். ஒரே வேறுபாடு, கோர்வையைப் பிரிக்க முடியாது, ஹெரால்டைப் பிரிக்கலாம். பிரிக்க முடிந்ததால்தான் இத்தனை மாற்றமும் நடந்தது.

பெருங்களத்தூரில் நடந்த மாற்றங்கள்

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இல் தொடங்கப்பட்டது. சென்னையின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு நிறுவனமும் இதில் கூட்டாளிகள். முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் ஆகிய கார்கள் வந்தன. 1950களின் நடுவில், பாகங்களை இறக்கிக் கோப்பதோடு நிற்கும் நிறுவனங்கள் இந்தியாவில் தொடர முடியாது, படிப்படியாக இங்கேயே பாகங்களைச் செய்ய வேண்டும் என்று அரசின் கொள்கை இறுகியது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்றவை இந்தியாவிலிருந்து வெளியேறின. நிலைத்து நின்ற மூன்றில் ஸ்டாண்டர்டும் ஒன்று.

ஆகவே 1961இல் வந்த ஹெரால்டுக்கு முதல் நாளே ஒரு கடமை இருந்தது: ஆண்டுக்கு ஆண்டு இந்தியப் பாகங்கள் கூட வேண்டும். அதே 1961இல்தான் சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனமும் உருவானது. டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் போன்ற மின்பாகங்கள் உள்நாட்டில் கிடைக்கத் தொடங்கிய காலம் அது. அடுத்தடுத்து வந்த மார்க் 2, மார்க் 3 என்ற பெயர்களை வெறும் அலங்கார மாற்றமாக எண்ணக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்நாட்டுப் பாகங்கள் கூடின. ஒரே மாதிரிப் பெயரில் வந்த இரண்டு ஹெரால்டுகளைப் பக்கத்தில் நிறுத்தினால் சில திருகாணிகள்கூட ஒத்துப்போகாத நிலை இதனால் வருகிறது. ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் போடலாம் என்று நம்பி இரண்டு வண்டிகளை வாங்கியவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

இங்கிலாந்து ஹெரால்டு வேறு திசையில் போனது. அங்கே 1961இலேயே 1147 சி.சி. எஞ்சின் வந்தது, 1967இல் 1296 சி.சி. வந்தது. சென்னை ஹெரால்டு கடைசி வரை பழைய 948 சி.சி. எஞ்சினையே வைத்துக்கொண்டது. எஞ்சினை மாற்றப் புதிய இயந்திரங்கள் வேண்டும். அவற்றை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி வேண்டும். கூட்டை மாற்றுவதற்கு அத்தனை பெரிய முதலீடு வேண்டியதில்லை. எனவே இங்கே கூடு மாறியது.

1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. கோவென்ட்ரியில் ஹெரால்டு எப்போதும் இரண்டு கதவுக் கார்தான். பின்சீட்டில் ஏற வேண்டுமானால் முன்சீட்டை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். பட்டுப்புடவை கட்டிய பெண்களும் வயதான பெரியவர்களும் கல்யாணத்துக்குப் போகும் ஊரில் அது எடுபடவில்லை. அதுவும் கார் வைத்திருப்பவர் பெரும்பாலும் பின்சீட்டில் உட்கார்ந்து போகும் நாடு இது. நான்கு கதவுக் கூடும், ஐந்து கதவு எஸ்டேட் வண்டியும் இந்தியாவுக்கென்றே உருவானவை. உலகில் வேறெங்கும் கிடையாது.

அடுத்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒரே நேரான அச்சில் இணைந்தவை அல்ல. நடுவிலுள்ள டிஃபரென்ஷியலிலிருந்து இரு பக்கமும் அரை அச்சுகள் கீல் போட்டதுபோல் ஆடும். ஊசல் அச்சு என்று சொல்லலாம். குறுக்கே கிடக்கும் ஒரே ஸ்பிரிங் பட்டைக்கட்டு இரண்டையும் தாங்கும். வெற்று வண்டியில், நல்ல சாலையில், இது மென்மையாகப் போகும். ஐந்தாறு பேரும் மூட்டையும் ஏறினால் பின்பகுதி அமுங்கி, சக்கரங்களின் மேல்முனை உள்ளே சாய்ந்து, அடிமுனை வெளியே அகலும். டயரின் உள்விளிம்பு தேயும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது எதிர்மாறாக, சக்கரம் அடியில் மடங்கிப் பின்பகுதி தூக்கியடிக்கும் அபாயமும் உண்டு. அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய நூல், கோர்வேர் என்ற காரின் இதே வகை ஊசல் அச்சைக் குற்றம் சாட்டிப் புகழ்பெற்றது.

கோவென்ட்ரி ஹெரால்டு 1971இல் நிற்கும் வரை இந்த அச்சை மாற்றவில்லை. சென்னை மாற்றியது. 1970களின் தொடக்கத்தில், மார்க் 3இன் நான்கு கதவுக் கூட்டைத் திருத்தி, முன்முகத்தை மாற்றி, பின்னால் வழக்கமான திட அச்சைப் பொருத்தி, ஸ்டாண்டர்டு கெஸல் என்ற பெயரில் வெளியிட்டது. இங்குள்ள வாங்குவோரும் மெக்கானிக்குகளும் ஊசல் அச்சை விரும்பாததே காரணம். வெளிநாட்டுக் காரைக் கோத்துத் தந்த ஒரு தொழிற்சாலை, அந்தக் காரின் அடிப்படை இயந்திர அமைப்பில் கை வைத்து, தாய் நிறுவனம் செய்யாத திருத்தத்தைச் செய்தது என்பது என் கணிப்பில் சென்னையின் தொழில் வரலாற்றில் கூடுதல் இடம் பெற வேண்டிய செய்தி. 1903இல் சிம்ப்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் சென்னையில் நீராவிக் கார் செய்ததைப் பலரும் எழுதுகிறார்கள். கெஸலின் பின் அச்சைப் பற்றி எழுதுவோர் குறைவு.

கெஸல் குறைந்த எண்ணிக்கையிலேயே வெளிவந்து 1977இல் நின்றது. அதன்பின் வணிக வண்டிகளோடு நிறுவனம் காலந்தள்ளியது. 1985இல் ரோவர் எஸ்.டி.1 என்ற புதுப்பாணிக் கூட்டுக்குள் வேன்கார்டு காலத்துப் பழைய எஞ்சினைப் பொருத்தி ஸ்டாண்டர்டு 2000 என்று வெளியிட்டார்கள். அது எடுபடவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது. பின்னாளில் ஆலை நிலமும் ஏலம் போனது. இங்கிலாந்தில் ‘ஸ்டாண்டர்டு’ என்ற கார்ப் பெயர் 1963இலேயே கைவிடப்பட்டது. அந்தப் பெயர் அதற்குப் பிறகு 25 ஆண்டுகள் சென்னையில்தான் உயிரோடு இருந்தது.

பட்டறைகளில் நடந்தது

தொழிற்சாலை மூடினாலும் கார்கள் சாலையில் இருந்தன. சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலை எங்கள் திருப்புட்குழியை ஒட்டிப் போகிறது. பாலுசெட்டி சத்திரம் பக்கத்தில்தான். பெருங்களத்தூரில் பிறந்து பெங்களூர் போன ஹெரால்டுகள் எல்லாம் இந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். வழியில் நின்றுபோன வண்டியைச் சத்திரத்துப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தால், அங்கே இருந்ததை வைத்து ஓட வைத்து அனுப்புவார்கள். ‘ஒரிஜினல்’ பாகம் வரும்வரை காத்திருக்கும் நிலை வண்டிக்காரருக்கும் இல்லை, பட்டறைக்காரருக்கும் இல்லை.

1973இன் எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் விலை ஏறியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பழைய பெட்ரோல் கார்களில் டீசல் எஞ்சின் வைப்பது தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. அம்பாசடரில்தான் இது மிகுதி. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் இன்னொரு வழி திறந்தது. சிறிய ஆல்டர்னேட்டர், மின்விசிறி, பிரேக் பாகங்கள் என்று மாருதியின் உதிரிகள் ஊருக்கு ஊர் கிடைக்கத் தொடங்கின. டைனமோ சார்ஜ் ஏற்றாத பழைய வண்டிகளில் மாருதி ஆல்டர்னேட்டரைத் தாங்கி வெட்டிப் பொருத்தினார்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் எது கிடைத்ததோ அதுவே பல ஹெரால்டுகளின் அடுத்த உருவத்தைத் தீர்மானித்தது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மாற்றங்கள் இல்லாவிட்டால் அவ்வண்டிகள் 1980களிலேயே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆனால் சில தவறான பழக்கங்களும் பட்டறை வழியாகவே பரவின. ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உயிர் சம்பந்தப்பட்டது.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் நிலைத்தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது டிரன்னியன் எனப்படும் வெண்கலக் குமிழுக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த மரையே சுழல்கிறது. அதற்குள் கெட்டியான கியர் ஆயில் ஊற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளரின் குறிப்பு. ஆனால் பார்ப்பதற்கு கிரீஸ் நிப்பிள் போடும் இடம்போல இருக்கும். கிரீஸ் கன்னோடு வண்டிக்கடியில் படுத்த கை அங்கும் கிரீஸ் அடித்துவிடும். நாளடைவில் கிரீஸ் இறுகும், தண்ணீர் இறங்கும், மரை துருப்பிடித்து அரையும், கடைசியில் தண்டு ஒடிந்து சக்கரம் வெளியே மடங்கும். வெளித்தோற்றத்தில் பளபளக்கும் பல ஹெரால்டுகளின் உள்ளே இந்த மரை எந்த நிலையில் இருக்கிறது என்பது கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். பழைய ஹெரால்டு வாங்குவோர் பெயின்டைப் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு கூட்டைத் தாங்கும் கைகளின் துரு. கடற்காற்று பட்ட சென்னை வண்டிகளில் இவைதான் முதலில் போகும்.

என்னிடம் படித்த ஒருவர் இப்பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பழைய வண்டிகளுக்கு புஷ், பின் எல்லாம் கடைந்து தருவார். ஒருமுறை அவரிடம், “இதுக்கெல்லாம் டிராயிங் எங்கேயிருந்து எடுக்குற?” என்று கேட்டேன். “டிராயிங் ஏது சார்? தேஞ்ச துண்டுதான் டிராயிங். எவ்வளவு தேஞ்சிருக்கும்னு நாமளா கூட்டிக்கணும்” என்றார். ஹெரால்டை மீட்கும் வேலையின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. தேய்ந்த பாகத்தைப் பார்த்துச் செய்த பாகம், அது தேய்ந்தபின் அதைப் பார்த்துச் செய்யும் அடுத்த பாகம் என்று போனால், பாகம் மெல்ல மெல்ல முதல் அளவிலிருந்து விலகும். அளவைக் குறித்து வைக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் குறைவு என்பதுதான் என் வருத்தம். கை திறமைக்குப் பஞ்சமில்லை. நோட்டுப் புத்தகத்துக்குத்தான் பஞ்சம்.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹெரால்டுகள் உருவாயின. அவற்றின் எஞ்சின், முன்தொங்கமைப்பு, பிரேக் உதிரிகளைப் புதிதாகச் செய்து விற்கும் கடைகள் இன்றும் உண்டு, சங்கங்களும் உண்டு. டிரன்னியனைக்கூட அங்கிருந்து வரவழைக்கலாம். ஆனால் நான்கு கதவு மார்க் 3இன் பின்கதவையோ கெஸலின் முன்முகத்தையோ அங்கே கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. நம் ஊரில் உருவான பாகங்களுக்கு நம் ஊரில்தான் வழி தேட வேண்டும். ஒரு பழைய கதவு துருவேறியிருந்தாலும் அதைத் தகடு ஒட்டிக் காப்பாற்றுவதே ஒரே வழி; வீசினால் இன்னொன்று வராது.

காலம் செய்யும் மாற்றம்

பழைய காரைத் தொடாமல் அப்படியே வைத்தாலும் அது பழைய நிலையில் இருப்பதில்லை. சுற்றியுள்ள உலகம் மாறிவிடுகிறது. பெட்ரோல் இதற்கு நல்ல உதாரணம்.

ஹெரால்டு பிறந்தபோது பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் எரிந்து வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து உலோகத்தைக் காத்தது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் 1995இல் ஈயமற்ற பெட்ரோல் வந்தது; 2000இல் நாடு முழுவதும் ஈயம் நீங்கியது. மக்களின் உடல்நலத்துக்கு மிக நல்ல முடிவு. ஆனால் ஹெரால்டின் வார்ப்பிரும்புத் தலையில் வால்வு இருக்கை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கத் தொடங்கியது. தீர்வு, தலையைக் கழற்றிக் கடைந்து, கடினமான உலோக வளையங்களை உள்ளே இறக்குவது. வெளியே தெரியாத, ஆனால் மாற்ற முடியாத திருத்தம் இது.

அடுத்து எத்தனால் வந்தது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வந்து, 2025க்குள் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. பழைய ரப்பர்க் குழாய், பெட்ரோல் பம்பின் சவ்வு, கார்புரேட்டரின் அடைப்பு வளையம் ஆகியவை எத்தனாலைத் தாங்க உருவானவை அல்ல. ஊறும், வெடிக்கும், கசியும். சூடான எஞ்சினுக்கு மேல் பெட்ரோல் கசிவது விளையாட்டில்லை. ஆகவே குழாய்களையும் சவ்வையும் புதுப்பொருளில் மாற்றியே ஆக வேண்டும். ஓட்டும் நோக்கம் உள்ளவர் இதைச் செய்யாமல் தப்ப முடியாது.

இதற்கு அடுத்து வேறு ஏதாவது வரும். ஆகவே மீட்பு வேலை முடிந்தது என்று ஒரு ஹெரால்டுக்காரர் சொன்னால், அவர் வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டார் என்று பொருள்.

கோயில் திருப்பணியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாலாலயம் செய்து, பழுது பார்த்து, குடமுழுக்கு நடத்த வேண்டும் என்பது நம் வழக்கம். ஜீர்ணோத்தாரணம் என்று அதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய தேர் 1920களில் எரிந்துபோனது. 1930இல் புதிய தேர் ஓடியது. பின்னாளில் திருச்சி பெல் ஆலை இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து தந்தது. அதைப் பார்த்து யாரும் ‘மாற்றியமைக்கப்பட்ட தேர்’ என்று சொல்வதில்லை, ஆழித்தேர் ஆழித்தேர்தான். முன்பு முட்டுக்கட்டை போடுபவர்களின் உயிர் ஊசலாடியதை நினைத்தால், அந்தப் பிரேக்கை எதிர்ப்பவர் இருக்க முடியாது.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று எங்கள் ஊரிலேயே உண்டு. திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலில் உறுப்புகள் தனித்தனியாகச் செய்து கோக்கப்பட்டு, உண்மைக் குதிரைபோல் அசையும் குதிரை வாகனம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்த கலைஞர், இதேபோல் இன்னொன்று வேண்டும் என்று வேறிடத்தார் கேட்டபோது மறுத்து உயிரையே விட்டார் என்றும், அதனால் திருவிழாவில் பெருமாள் அவர் வாழ்ந்த இடத்துக்கு எழுந்தருள்கிறார் என்றும் தலக் கதை சொல்கிறது. ஒன்றே ஒன்று, ஒருவர் கையால் ஆனது. அதில் ஒரு மூட்டை மாற்றுவதானாலும் ஊர் பத்து முறை யோசிக்கும். ஹெரால்டு அப்படிப்பட்டதா, ஆழித்தேர் போன்றதா? என் விடை, ஒரே வண்டியில் இரண்டும் உண்டு. நான்கு கதவுக் கூடு குதிரையின் பக்கம். பெட்ரோல் குழாய் தேரின் பக்கம்.

சட்டம் கேட்கும் ‘மூல வடிவம்’

இந்தக் கேள்வி இப்போது சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வகை எஞ்சினை மாற்றுவது போன்றவற்றுக்கு முன் அனுமதி பெற வழி உண்டு.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குப்பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். எண்பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். முக்கியமான நிபந்தனை, வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும்; சேசிஸ், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

அம்பாசடரோ ஃபியட்டோ என்றால் விதியைப் பொருத்திப் பார்ப்பது அவ்வளவு கடினமில்லை. ஹெரால்டில் மூல வடிவம் எது? கோவென்ட்ரியின் விவரக்குறிப்பை அளவுகோலாக எடுத்தால் நான்கு கதவு ஹெரால்டும் கெஸலும் மாற்றியமைத்த வண்டிகளாகத் தோன்றும். அது பெரும் பிழை. சென்னை ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த வடிவமே அதன் மூல வடிவம். இணையத்தில் கிடைக்கும் படங்களும் கையேடுகளும் பெரும்பாலும் இங்கிலாந்து வண்டியைப் பற்றியவை. அதைப் பார்த்து, இந்திய முன்முகத்தைக் கழற்றி எறிந்து, ‘டிரையம்ப்’ என்ற எழுத்தை ஒட்டி, 1147 சி.சி. எஞ்சினையும் இறக்கிவிட்டால், நல்ல டிரையம்ப் ஒன்று கிடைக்கலாம். ஆனால் ஒரு ஸ்டாண்டர்டு அழிந்திருக்கும். உலகில் டிரையம்ப் ஹெரால்டு நிறைய இருக்கிறது.

பட்டறை மாற்றங்களில் தீர்ப்பு சொல்வது இதைவிடக் கடினம். 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கும்போது அதில் ஒவ்வொரு காலமும் சேர்த்த தகுதியான பங்களிப்பை மதிக்க வேண்டும் என்கிறது. அதை முன்மாதிரியாகக் கொண்டு, ஃபிவா எனப்படும் உலகப் பழவாகனக் கூட்டமைப்பும் தூரின் நகரத்தின் பெயரால் ஒரு சாசனம் வகுத்தது. மிக்கலோட்டியின் ஊர் அது என்பது தற்செயல். இந்த நோக்கில் பார்த்தால், ஒரு மருத்துவர் முப்பது ஆண்டு நோயாளிகளைப் பார்க்கப் போன வண்டியில், ஊர்ப் பட்டறை பொருத்திய ஆல்டர்னேட்டரும் அந்த வண்டியின் வரலாறுதான். சேசிஸை வெட்டி வைத்த டீசல் எஞ்சினைப் பற்றி நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சேசிஸை வெட்டியதைத் திருப்ப முடியாது, ஆல்டர்னேட்டரைத் திருப்ப முடியும். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

மீட்பவர் செய்ய வேண்டியது

பெயின்டைச் சுரண்டும் முன் படம் எடுக்க வேண்டும். டேஷ்போர்டின் பின்புறம், டிக்கி மூடியின் உட்பக்கம், கதவு ரப்பருக்கு அடியில் முதல் நிறம் பெரும்பாலும் தப்பியிருக்கும். ஓரிடத்தில் மெல்லத் தேய்த்தால் ஒன்றின்கீழ் ஒன்றாக நிறங்கள் தெரியும். எத்தனை முறை பூசினார்கள் என்பதுகூட எண்ணலாம். கல்வெட்டைப் படி எடுக்காமல் சுவரில் சுண்ணாம்பு பூசுவதும், மணல் வீச்சால் சிற்பத்தைச் சுத்தம் செய்வதும் எப்படித் தவறோ, அப்படியே எல்லாவற்றையும் முதல் நாளே தகடு வரை உரிப்பதும் தவறு.

கழற்றிய பாகத்தை எறியக் கூடாது. தேய்ந்ததானாலும் நாள் எழுதிய சீட்டுடன் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். லேத்தில் கொடுக்கும் முன் தேயாத பகுதியில் அளவெடுத்து நோட்டில் எழுத வேண்டும். வால்வு வளையம் எப்போது போட்டது, எந்தக் குழாய் புதியது, மின்னிணைப்பின் எர்த்து எந்தப் பக்கம் என்பதையும் எழுத வேண்டும். பழைய ஹெரால்டுகளில் பாட்டரியின் நேர்முனை உடம்போடு இணைந்திருக்கும். ஆல்டர்னேட்டர் வைத்த வண்டிகளில் அது மாறியிருக்கும். எழுதாமல் விட்டால் அடுத்து வண்டியைத் தொடும் எலக்ட்ரீஷியன் ஆல்டர்னேட்டரைப் புகைக்க விடுவார்.

இந்த நோட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் பயன்படும். பழைய பதிவுச் சான்று, சேசிஸ் எண், எஞ்சின் எண், செய்த வேலைகளின் பட்டியல் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால், ஆய்வாளர் கேட்கும் கேள்விகளுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்பின் அணிவகுப்புகளிலும், கோவையில் 2015இல் திறந்த ஜி.டி. அருங்காட்சியகம் போன்ற இடங்களிலும் பழைய கார்களைக் காணலாம். வெளிநாட்டுப் பெருங்கார்களின் முன் கூட்டம் நிற்கும். ஹெரால்டோ கெஸலோ எங்கேனும் கண்ணில் பட்டால் குனிந்து பின் அச்சைப் பாருங்கள். ஊசல் அச்சா, திட அச்சா என்பது உடனே தெரியும்.

கடைசியாக 1977இல் வெளிவந்த கெஸல்களுக்கு 2027இல் ஐம்பது ஆண்டு நிறைகிறது. அவையும் பழம்பெரும் வாகனப் பதிவுக்குத் தகுதி பெறும். அதற்குள் அவற்றின் முன்முகமும் பின்கதவும் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் இருக்க வேண்டும்.